பதினொரு தரம் திருப்பி ஊற்றிய ஒயில்

மச்சான்,

இன்று காலமை அந்தப் பேணியின் மூடியைத் திருகித் திறந்தேன். நீ கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல நான் செய்த பேணி. உன் மகளின் கார் பழுதாகி நின்ற பிறகு நான் கழற்றி வைத்தது, ஒரு வருசமாக உன் வீட்டு விறாந்தைத் தட்டில், உன்னுடைய ஸ்பனர்களுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. ஒருவரும் கழுவவில்லை. அடியில் இரண்டு விரல் அளவுக்குப் பால்தேத்தண்ணி நிறத்தில் தேங்கி, மேலே ஆடை கட்டியிருந்தது. பெற்றோலும் எரிந்த ஒயிலும் ஊறின தண்ணியுமாக ஒரு மணம். அது மூக்கில் ஏறியது. பேணியைப் பிடித்தபடி உன் கதிரையில் இருந்துவிட்டேன். நீ போன பிறகு அந்தக் கதிரையில் நான் இருந்தது இதுதான் முதல் தரம்.

பிள்ளையின் கார் போன கிழமை கராச்சிலிருந்து திரும்பி வந்தது. புது டர்போ போட்டு, என்ஜினைக் கழற்றிக் கழுவிப் பூட்டியிருக்கிறார்கள். வளவுக்குள் நிற்கிறது, ஆனால் அவள் அதைத் தொடுகிறாள் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருகிறாள். இன்று சனிக்கிழமை. என்னைக் கூப்பிட்டு, "மாமா, அப்பா செய்த பேணியையும் பூட்டிவிடுங்கோ, வாங்குற ஆக்கள் முழுசா வாங்கட்டும்" என்றாள். விற்கப் போகிறாளாம். பேணியைக் கழுவிப் பூட்டினேன். கையைத் துடைத்துவிட்டு, ஒரு கொப்பி எடுத்து வா பிள்ளை, உன் அப்பாவுக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்றேன். அவள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சிரித்து, கொப்பி எடுத்து வந்தாள். அவள் சிரித்துப் பார்த்து நாளாகிவிட்டது. நான் கதைக்கிறேன், அவள் ஒழுங்காக்கி எழுதுகிறாள். ஒன்றையும் வெட்டாமல் எழுத வேண்டும் என்று முதலே சொல்லிவிட்டேன்.

எனக்கு எழுத்து வராதது உனக்குத் தெரியும். மலையில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருந்தது, நான் அதற்குள் இருந்ததில்லை. ஐந்து வயதில் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு லயத்து வீட்டில் நின்றேன். பன்னிரண்டு வயதில் கொழுந்து மூட்டை சுமந்தேன். வன்னிக்கு வந்த பிறகு எனக்கு எந்தக் கடிதம் வந்தாலும் நீதான் வாசித்தாய். வாசிக்கும்போதே உன்னுடைய சரக்கையும் சேர்த்து வாசிப்பாய். மலையில் இருந்த என் மச்சினன் எழுதாத சுகமெல்லாம் உன் வாயால் விசாரித்திருக்கிறான். இப்போது உன் மகளின் கையால் நான் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் ஒரு வருசமாக, உன்னைத் தான்தான் சாகவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். எழுது பிள்ளை, கையை நிறுத்தாதே. அது அப்படி இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். சொல்லாதே என்று நீ என்னிடம் சத்தியம் வாங்கினாய். அந்தச் சத்தியத்தை இன்றைக்கு நான் உடைக்கப் போகிறேன். அதற்கு முதல் கொஞ்சம் பழங்கதை கதைக்கிறேன், மச்சான். பயமாக இருக்கிறது.

நாங்கள் சந்தித்தது ஞாபகமா? மலையிலிருந்து கையில் ஒரு பெட்டியோடு இறங்கி வந்து, கிளிநொச்சிப் பக்கம் ஒருவரின் உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்தேன். மெசின் இறுகிவிட்டது. முல்லைத்தீவில் கடற்கரையோரம் படகு என்ஜின் திருத்துகிற அந்தோனியார் கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரப் பெடியன் இருக்கிறான், செத்த என்ஜினையும் எழுப்புவான் என்று சொன்னார்கள். அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். நீ முழங்கால் வரை மீன் செதிலோடு நின்றாய். என்னைப் பார்த்து முதல் கேட்டது மெசினைப் பற்றி அல்ல. "எந்த ஊர்? நாக்கு இன்னும் கொழுந்துக் கூடையோட நிக்குது." எனக்குச் சரியான கோபம். உன் நாக்கில் கருவாடு மணக்கிறது என்று சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மெசின் எழும்ப மூன்று நாள் எடுத்தது. நான் திரும்பிப் போகவேயில்லை.

பிறகு சண்டைக்குள், வன்னிக்குச் சாமான் விடாத தடைக்காலம் வந்தது. ஒயிலும் இல்லை, பெற்றோலும் இல்லை. இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். உன் பட்டறை யன்னலில் போத்தல் வரிசை ஒன்று இருந்தது. என்ஜினிலிருந்து இறக்குகிற கழிவு ஒயில், மூச்சுக் குழாயால் கக்குகிறதைப் பேணி கட்டிப் பிடித்தது, எல்லாவற்றையும் சீலையில் வடித்து அந்தப் போத்தல்களில் விட்டு வெயிலில் வைப்போம். ஒரு கிழமையில் தண்ணியும் ஊத்தையும் அடியில் போகும். மேலே நிற்கிறது திரும்ப என்ஜினுக்கு, நடுவில் நிற்கிறது சைக்கிள் சங்கிலிக்கு, அடி விறகு மூட்ட. அந்த மூன்றையும் கலக்காமல் ஊற்றி எடுக்க என் கையை விட்டால் வேறு கை இல்லை என்று நீயே சொல்வாய். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான். அந்த ஒயிலில் லொறி ஓடியது, படகு ஓடியது, காயக்காரரை ஏற்றின வான் ஓடியது. ஒரு சொட்டுக் கீழே சிந்தினால் நீ மணலோடு வழித்து எடுப்பாய்.

அந்தக் காலம் முடிந்தது. நடந்ததெல்லாம் நடந்தது. செட்டிகுளத்து முகாமில் இரண்டு குடும்பமும் ஒரே வரிசைக் கூடாரத்தில் இருந்தோம். திரும்பி வந்து உன் வளவின் மூலையில் எனக்கு ஒரு கொட்டில் போட்டுத் தந்தாய். என் மனிசி அதற்குள்தான் கண்ணை மூடினாள். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு உன் குசினியில். உன் மனிசி இருக்கும் வரை போட்டது அவா, பிறகு பிள்ளை போடுகிறாள்.

உன் சிறுநீரகம் பழுதென்று சொன்ன நாளில் நீ என்னிடம் சொன்னது, "மச்சான், என்ர பில்டர் அடைச்சிட்டுது" என்றுதான். செவ்வாயும் வெள்ளியும் வவுனியா பெரியாஸ்பத்திரியில் இரத்தம் கழுவ வேண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம், ஓமந்தை என்று அந்த நீளம் பஸ்ஸில் போய்வர உன்னால் ஏலவில்லை. அதற்காகத்தான் பிள்ளை அந்தச் சின்னக் காரை எடுத்தாள். யப்பானில் ஓடிக் களைத்து வந்த கார். அவளுக்குப் பள்ளிக்கூடம். நான் ஓட்டினேன், நீ பக்கத்தில். போகும்போது கதைப்பாய், வரும்போது நித்திரை. கழுவுகிற கையில் நரம்பை இணைத்து வைத்திருந்தார்கள். அதன் மேல் என் உள்ளங்கையை வைத்துக் காட்டினாய். உள்ளே வண்டு இரைந்தது போல இருந்தது. "எனக்கும் டர்போ பூட்டிப்போட்டாங்கள்" என்றாய்.

காரின் டர்போவும் அப்படித்தான் இரைந்தது. ஏற்றத்தில் மெல்லிய விசில். அந்த விசிலுக்கு நீ தலையாட்டிக்கொண்டு வருவாய். ஒருநாள் பின்னால் நீலப் புகை. வீட்டுக்கு வந்து டர்போவுக்குக் காற்றுப் போகிற குழாயைக் கழற்றச் சொன்னாய். உள்ளே ஒயில் வழிந்து கிடந்தது. நீ விளக்கம் சொன்னாய். டர்போ காற்றை அடித்து ஏற்றும்போது கொஞ்சம் பிஸ்டன் ஓரத்தால் கீழே கசியுமாம். அது ஒயில் ஆவியையும் கூட்டிக்கொண்டு மேல்மூடிக் குழாயால் வந்து, திரும்ப டர்போவின் வாய்க்குள்ளே போகுமாம். நடுவில் ஒரு பேணியை வைத்தால் ஒயில் அங்கே தங்கிவிடும், காற்று மட்டும் போகும். வெளிநாட்டுப் பெடியள் இதை ஒயில் கட்ச் கான் என்று விற்கிறார்களாம், பிள்ளையின் போனில் பார்த்திருக்கிறாய். வாங்குவமா என்று அவள் கேட்டாள். நீ அவமானப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாய். தடைக்காலத்தில் நாங்கள் கட்டாத பேணியா என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் வாய்க்குள் சிரிப்பு வருகிறது. பிள்ளை சீனி போட்டு வைத்திருந்த, மூடி திருகுகிற சில்வர் பேணியைக் குசினியிலிருந்து களவாக எடுத்து வந்தேன். முள்ளியவளையில் வெல்டிங் கடையில் கொடுத்து இரண்டு பித்தளைக் குழாய் ஒட்டுவித்தோம். உள்ளே வருகிற குழாய் பேணியின் பாதிக்குக் கீழே இறங்க வேண்டும், வெளியே போகிறது மூடியோடு நிற்க வேண்டும் என்றாய். சட்டி மினுக்குகிற சுருள் கம்பியை உள்ளே திணித்தேன். மெல்லிய இரும்புப் பஞ்சு வேண்டாம், நூல் நூலாகக் கழன்று டர்போவுக்குள் போகும் என்று அதிலேயும் கவனம். மூடிக்கு நான் ரியூப் றப்பர் வெட்டி வந்தேன், ஒயில் பட்டால் அப்பம் போல ஊதும் என்று எறிந்தாய். தண்ணிப் பம்பின் குழாயைக் கொண்டு வந்தேன், சூட்டில் இளகும், உறிஞ்சும்போது ஒட்டிப்போகும், என்ஜினுக்கு மூச்சு முட்டும் என்று அதையும் எறிந்தாய். கடைசியில் உன் பழைய படகு என்ஜினின் கறுத்த எண்ணெய்க் குழாயை வெட்டினோம். டர்போ சூட்டுக்குத் தள்ளி, பற்றறிப் பக்கத்தில், குழாய் எங்கும் வயிறு தள்ளாமல் சரிவாக இறங்குகிறமாதிரிப் பேணியைத் தாழ்வாக வைத்துப் பூட்டினேன்.

"ஊது பாப்பம்" என்றாய். வாயை வைத்து ஊதினேன். காற்றுத் தடை இல்லாமல் போனது. முகமெல்லாம் கரி. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை தேத்தண்ணிக்குச் சீனி தேடிக்கொண்டு வந்து, சீனிப் பேணி காருக்குள் இருப்பதைக் கண்டாள். இரண்டு கிழவனும் ஒருவருக்கு ஒருவர் கையைக் காட்டினோம்.

இரண்டு கிழமையில் முதல்தரம் திறந்தோம். கால்வாசிக்கு நிறைந்திருந்தது. பால்தேத்தண்ணி நிறம். நீ விரலால் தொட்டு மணந்துவிட்டு, அந்த வெளிநாட்டுப் பெடியன் இதைக் கொட்டச் சொல்லுகிறான் என்றாய். நான் பேணியோடு வேலிக்கரைக்குப் போனேன்.

நான் அதைக் கொட்டவில்லை.

எப்படிக் கொட்டுவேன், மச்சான்? என் கைக்கு அது தெரியாது. போத்தலில் விட்டு வெயிலில் வைத்தேன். ஐந்தாறு நாளில் தண்ணி அடியில் போய், மேலே மண்ணிறமாக ஒயில் தெளிந்தது. பழைய கைப்பழக்கத்தில் அடியைக் கலக்காமல் மேலே நின்றதை என்ஜினுக்குள் திருப்பி ஊற்றினேன். நீ கதிரையில் இருந்து பார்த்தாய். "உனக்கு இன்னும் தடை எடுபடேல்லை" என்றாய். சிரித்தாய். ஊற்றாதே என்று சொல்லவில்லை. அடுத்த தரம் நீயே வடிக்கிற சீலையை எடுத்துத் தந்தாய்.

இதை எழுதிவிட்டுப் பிள்ளை நிமிர்ந்தாள். அவள் கணக்குப் படிப்பிக்கிறவள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எத்தினை தரம்?"

"பதினொரு தரம்."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

ஒவ்வொரு தரமும் கதிரையில் இருந்து பார்த்தவர் என்றேன். அவள் குனிந்து அதையும் எழுதினாள். பதினொன்றையும் எனக்கு எண்ணிச் சொல்ல முடியும். முதல் தரம் கச்சான் காற்று அடித்த நாள், போத்தலுக்குள் தூசி விழுந்துவிடும் என்று உன் தொப்பியால் மூடினாய். நாலாந்தரம் உங்கள் கோயில் கொடியேற்றம். ஏழாந்தரம் உனக்குக் கால் வீங்கின நாள். கடைசித் தரம், கார் நின்ற அந்த வெள்ளிக்கு முந்தின ஞாயிறு. எழுதத் தெரிந்தவன் எழுதிவிட்டு மறப்பான். எனக்கு அந்த வசதி இல்லை.

இன்னொன்றையும் எழுது பிள்ளை, இது உனக்குச் சொல்லுகிறது. காரைச் சேர்விசுக்கு விடவோ என்று நீ இரண்டு தரம் கேட்டாய். இரண்டு தரமும் ஒயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒயில் அளவில் நிற்கிறது, தேவையில்லை என்று சொன்னது நானும் உன் அப்பாவும். அளவில் நிற்காமல் என்ன செய்யும், நாங்கள்தானே ஊற்றிக்கொண்டிருந்தோம். மூன்றாம் தரம் நீ கேட்கவில்லை, பள்ளிக்கூடத்தில் சோதனை முடியட்டும், அடுத்த கிழமை விடுகிறேன் என்று நீயாகச் சொன்னாய். உனக்கு அந்த மூன்றாம் தரம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

மச்சான், தெளிந்தது ஒயில் என்று நினைத்தோம். அதற்குள் பெற்றோலும் புளிப்பும் கண்ணுக்குத் தெரியாத தண்ணியும் கலந்தபடிதான் இருந்திருக்கிறது. பழைய என்ஜின்கள் கஞ்சியையும் குடித்து ஓடின. இந்த டர்போவுக்கு ஒயில் போகிற வழி ஊசித்துவாரம் மாதிரி. அது மெல்ல மெல்ல அடைத்திருக்கிறது. இரண்டு வருசம் உன் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். மெசின் உன் உடம்பிலிருந்து எடுத்ததெல்லாம் குழாயால் கழிவுக்குப் போகும். எந்தத் தாதியும் அதைத் தெளியவைத்துத் திரும்ப உனக்கு ஏற்றவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் ஒவ்வொரு வெள்ளியும் கண்ணால் கண்டும் எனக்கு உறைக்கவில்லை.

அந்த வெள்ளி. நெடுங்கேணி தாண்டிக் காட்டுத் துண்டு. விசில் மாறியது. தகரத்தில் ஆணியால் கீறின மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. பின்னால் வெள்ளைப் புகை றோட்டை மூடியது. சிவப்பு லைட் எரிந்தது. நிறுத்தினேன். பொனற்றைத் திறந்து குழாயைக் கழற்றினேன். டர்போவின் சக்கரம் பல்லு ஆடுகிற மாதிரி ஆடியது. கம்பியை இழுத்தேன். நீ சீற்றில் இருந்தபடி கையை நீட்டினாய். காட்டினேன். கஞ்சி. நீ மணந்து பார்த்தாய். பேணியில் இருந்த அதே மணம்.

"நாங்கள் வடிச்சதுதான்" என்றாய். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இடத்தில் போனுக்குச் சிக்னல் இல்லை. கொஞ்சத் தூரம் ஓடிப்போய்ப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. பஸ் அப்போதுதான் போயிருந்தது. ஒரு லொறி நிற்காமல் போனது. செவ்வாயிலிருந்து தேங்கின தண்ணி உன் உடம்பில். முகம் வீங்கி, மூச்சு இரண்டு படியாக ஏறியது. நிழலுக்குள் காரைத் தள்ளி விட்டேன். கதவைத் திறந்து வைத்து ஒரு மட்டையால் விசிறினேன். அப்போதுதான் நீ அதைக் கேட்டாய்.

"பிள்ளைக்குச் சொல்லாதை."

நான் விசிறிக்கொண்டே இருந்தேன்.

"ஊத்தினது நீ, ஊத்த விட்டது நான். அவளுக்குத் தெரிஞ்சா உன்னை வளவுக்குள்ள வைக்கமாட்டாள். பிறகு உனக்கு ஆர் சோறு போடுறது? சத்தியம் பண்ணு. என்ர அந்தோனியாரில வேண்டாம், நீ அவருக்குப் பயப்பிடமாட்டாய். உன்ர அம்மனில பண்ணு."

அம்மனில் பண்ணினேன். உனக்குச் சாவு தெரிந்திருக்கிறது, அதற்குள்ளும் என் சோற்றை நினைத்திருக்கிறாய்.

பிறகு விறகு ஏற்றின உழவு மெசின் ஒன்று வந்தது. அந்த மனிசன் நல்லவன், விறகைப் பாதி இறக்கி இடம் விட்டான். மெசினின் பின்பெட்டி உயரம். உன்னைத் தோளில் போட்டு ஏறினேன். நீ இப்படிப் பாரமாக இருந்ததில்லை. தோளுக்குள் ஏதோ கிழிந்தது. "கொழுந்து மூட்டை மாதிரித் தூக்காதையடா, மனிசன் மாதிரித் தூக்கு" என்றாய். அதற்குப் பிறகு நீ கதைத்ததை எல்லாம் மூச்சு தின்றுவிட்டது. புளியங்குளத்தில் ஓட்டோ. ஆஸ்பத்திரியில் வாசலிலேயே தள்ளுவண்டியோடு வந்து, ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே கொண்டுபோனார்கள். அவர்கள் செய்யாத ஒன்றில்லை. அடுத்தநாள் காலமை, பிள்ளை உன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, இதயம் நின்றுவிட்டது. முதலே பலவீனமான இதயம், நேரத்துக்கு வந்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னார். அவர் சொன்னதை நானும் ஒரு வருசமாகச் சப்பிப் பார்க்கிறேன். பசி தீரவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வெளியே வந்தபோது பிள்ளை என்னிடம் சொன்னாள். "மாமா, நான் அந்தக் கிழமை சேர்விசுக்கு விட்டிருந்தா அப்பா இருந்திருப்பார்." நான் அவளின் தலையில் கையை வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. சத்தியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் அவள் சோறு போட்டாள், சாப்பிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சாப்பிட்டேன். மச்சான், உன் சத்தியத்தைக் காத்தேனா, என் சோற்றுக் கோப்பையைக் காத்தேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

போன கிழமை கராச்சில் அவளோடு போய் நின்றேன். மெக்கானிக் தட்டில் கிடந்த கஞ்சியை விரலால் வழித்துக் காட்டி, "ரீச்சர், இது ஒயில் மாத்தாமல் ஓடின கார். கவனிச்சிருந்தா இப்பிடி வராது" என்றான். அவன் கண்டதைச் சொன்னான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஓம் என்றாள். அந்த ஒரு ஓம். பக்கத்தில் நான், கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு. அன்றைக்கு மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை. அம்மனுக்குப் பயந்து ஒரு பிள்ளையைக் குனிய விட்டேன் என்றால், எந்த அம்மன் என்னை ஏற்பாள்? அவளுக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டியது இந்தக் கடிதம்.

நேற்று இவ்வளவும் எழுதி முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. பிள்ளை பேனையை மூடினாள். கொப்பியின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். பிறகு, "ஒரு வருசம் மாமா. ஒரு வருசமா நான்..." என்று தொடங்கினாள். எழும்பிக் குசினிக்குள் போனாள். சட்டிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து, நிலைக்கதவில் நின்றபடி, "நாளைக்கு வாங்கோ" என்றாள்.

கொட்டிலுக்குப் போய்ப் படுத்தேன். பசித்தது. பசித்தது நல்லதாக இருந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, மச்சான். காலமை வந்து பார்த்தேன், வளவுக்குள் கார் இல்லை. விற்றுவிட்டாளோ என்று நிலத்தைப் பார்த்தேன். ரயர்த் தடம் படலையால் போய் கோயில் பக்கம் திரும்பியிருந்தது. வெயில் ஏறின பிறகு விசில் கேட்டது. அவள்தான் ஓட்டி வந்தாள், தனியே. ஒரு வருசத்துக்குப் பிறகு சாவியைத் திருப்பியிருக்கிறாள். இறங்கும்போது விரல்களில் மெழுகு. கோயில் முடிந்து சேமக்காலையில் உன் கல்லறைக்கு வந்திருக்கிறாள். அங்கே உன்னிடம் என்ன கதைத்தாள், எவ்வளவு ஏசினாள் என்று உனக்குத்தான் தெரியும். கண் வீங்கியிருந்தது. ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. அந்த முதுகை நான் பார்த்து ஒரு வருசம்.

என்னை மாமா என்று கூப்பிடவில்லை. காரை விற்கிற கதையும் எடுக்கவில்லை. மேசையில் ஒரு கோப்பை சோறும் மீன்குழம்பும் வைத்தாள், பக்கத்தில் இருக்கவில்லை. நான் சாப்பிட்டு முடியும் வரை வெளியே நின்றுவிட்டு, கொப்பியோடு வந்து, "சொல்லுங்கோ" என்றாள். அவ்வளவுதான். நாளைக்கும் சோறு இருக்குமோ தெரியாது. கேட்கவும் மாட்டேன். நீ பயந்தது பாதி நடந்துவிட்டது, மீதியை அவள் நினைக்கிறபடி நடக்கட்டும்.

இனிச் சொல்ல ஒன்றுமில்லை. உன்னைத் தூக்கின இடது தோள் மாரிக்கு நோகும். கை காதுக்கு மேலே போகாது. ஆஸ்பத்திரியில் காட்டு என்று பிள்ளை முந்தி சொல்லுவாள், இனிச் சொல்லுவாளோ தெரியாது. என் மனிசி இருந்தால் எண்ணெய் தடவியிருப்பாள். நான் தடவுவதில்லை. அந்தத் தோளைக் கீழே போட்டுத்தான் படுக்கிறேன். நோகட்டும், மச்சான்.